முதலில் தாயிடம் சொல்லுங்கள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் போனதும், அதைப் பற்றிய செய்தி நம் ஊரில் ஒரே வழியில்தான் நடமாடுகிறது. டாக்டர் தந்தையிடம் சொல்கிறார். தந்தை தன் அப்பாவிடமோ மாமனாரிடமோ சொல்கிறார். அங்கிருந்து தாய்மாமன், பெரியம்மா, ஊரில் விவரம் தெரிந்த ஒருவர் என்று அது ஒரு சுற்று சுற்றுகிறது. பிரசவ வார்டில் தையலோடு படுத்திருக்கும் தாய்க்குக் கடைசியில் வந்து சேர்வது, "பாப்பா நல்லா இருக்கு, கொஞ்சம் வெயிட் கம்மியாம், அதான் பெட்டில வச்சிருக்காங்க" என்ற ஒற்றை வரி. பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிற எங்களுக்கு இந்த வரிசை நன்றாகப் பழகிவிட்டது. அதில் கேள்வி கேட்க ஏதாவது இருக்கிறது என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. செய்தி முதலில் தாய்க்குப் போக வேண்டும், டாக்டரின் வாயாலேயே போக வேண்டும், தினமும் போக வேண்டும். தந்தையும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மரியாதை, உரிமை என்ற காரணங்களை இதற்குச் சொல்லலாம். அவை நல்ல காரணங்களே. நான் சிகிச்சைக் காரணத்தைச் சொல்கிறேன். இந்தக் குழந்தைகளுக்கான சிகிச்சையில் ஒரு பெரும்பங்கைச் செய்ய வேண்டியவர் தாய். செய்ய வேண்டியவருக்கு விவரம் தெரியாவிட்டால் அந்தப் பங்கு நடக்காமலே போகும்.

முப்பதாவது வாரத்தில் 1,200 கிராம் எடையோடு பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். அதன் நுரையீரல் விரிய சர்ஃபாக்டன்ட் மருந்தும், மூக்கு வழியாக அழுத்தக் காற்றும் இருக்கின்றன. சூட்டுக்கு வார்மர் இருக்கிறது. மூச்சு விட மறக்கும் மூளையைத் தூண்ட காஃபின் இருக்கிறது. காசும் வசதியும் இருந்தால் இவை எல்லாம் கிடைக்கும். கிடைக்காதது சொந்தத் தாயின் பால். பவுடர் பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் வீங்கி அழுகும் நோய் வரும் ஆபத்து அதிகம். தாய்ப்பால் அதைக் கணிசமாகக் குறைக்கிறது. ஆனால் குழந்தை வாய் வைத்துச் சப்பாதபோது பால் தானாகச் சுரந்துகொண்டிருக்காது. பிரசவமான முதல் சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்சத் தொடங்கி, ராத்திரி உட்பட ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது பீய்ச்ச வேண்டும். முதல் நாள் வருவது சில சொட்டுச் சீம்பால்தான். அந்தச் சில சொட்டுக்காகத் தையல் வலியோடு நடுச்சாமத்தில் எழுந்து உட்காரும் பெண்ணுக்கு, அது டியூப் வழியாக எங்கே போகிறது, அங்கே என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பாப்பா நல்லா இருக்கு என்று மட்டும் கேள்விப்பட்டவர் எதற்காக எழுந்திருக்க வேண்டும்?

தோலோடு தோல் சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பும் இதே வகைதான். 1978 வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே, ஹெக்டர் மார்ட்டினஸ் என்ற இரு மருத்துவர்கள் வேறு வழியில்லாமல் தொடங்கிய முறை அது. வெகுகாலம் அது ஏழை நாடுகளுக்கான மாற்று ஏற்பாடாகவே பார்க்கப்பட்டது. குழந்தையின் நிலை சீரான பிறகுதான் தாயிடம் கொடுக்க வேண்டும் என்பதே விதியாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் முன்னின்று நடத்தி 2021இல் வெளிவந்த ஆய்வு அந்த விதியை உடைத்தது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள 3,200க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இருந்தார்கள். இந்தியாவில் நடந்த இடம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. நிலை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனே தாயின் நெஞ்சில் வைத்த குழந்தைகளில் முதல் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். பழைய முறையில் பராமரித்த குழந்தைகளில் 15.7 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். அந்த ஆய்வு தோல் தொடர்பைப் பற்றியது, பேச்சைப் பற்றியது அல்லவே என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் அந்தத் தாய்மார்களின் கட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. சராசரியாக நாளுக்கு 17 மணி நேரம் குழந்தையை நெஞ்சில் வைத்திருக்கும் ஒருவரிடம் குழந்தையின் நிலையை மறைப்பது நடக்கிற காரியமல்ல. தாயை உள்ளே விட்டால் செய்தியையும் விட்டாக வேண்டும்.

இதற்கு முதல் எதிர்ப்பு குடும்பத்திடமிருந்து வருகிறது. "அவகிட்ட எதுவும் சொல்லிராதீங்க டாக்டர், பால் வத்திரும்" என்று கைகூப்பிக் கேட்கும் மாமியாரும் அம்மாவும் எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் உண்டு. அன்பால் சொல்கிறார்கள், கொஞ்சம் உடலியல் உண்மையும் அதில் இருக்கிறது. அதிர்ச்சியும் பயமும் பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் சுரப்பைச் சற்று நேரத்துக்குத் தடுக்கும். பால் இறங்கத் தாமதமாகலாம். ஆனால் பால் உற்பத்தியாவதும் நின்றுபோவதும் முக்கியமாக மார்பு எத்தனை தடவை காலியாகிறது என்பதைப் பொறுத்தது. காலி செய்யாமல் விடப்படும் மார்பு சில நாட்களில் வற்றத் தொடங்கும், தாய் எவ்வளவு நிம்மதியாக இருந்தாலும் சரி. அப்படியிருக்க, செய்தியைக் கேட்டுக் கலங்கி, அழுது முடித்து, பிறகு பீய்ச்ச உட்காரும் தாய்க்குப் பால் வரும் வாய்ப்பு, எதுவும் தெரியாமல் படுத்திருப்பவரைவிட அதிகம். பால் வற்றிவிடும் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். மறைத்ததால்தான் பால் வற்றுகிறது.

மறைப்பதால் தாய் நிம்மதியாக இருக்கிறார் என்ற நினைப்பும் ஆராய வேண்டியதே. யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் தாய்க்குத் தகவல் வந்துகொண்டுதான் இருக்கிறது. கணவர் கண்ணைப் பார்த்துப் பேசாதது ஒரு தகவல். அத்தை கோயிலுக்கு நேர்ந்துகொண்டது ஒரு தகவல். பக்கத்துக் கட்டில்களில் எல்லோரும் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருக்கும்போது தன் கட்டில் காலியாக இருப்பது இன்னொன்று. கழுத்தில் கிடந்த சங்கிலி அடகுக்கடைக்குப் போனது எதற்கென்று தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கும் தாய்க்குத் தெரியாமலா இருக்கும்? இவற்றோடு ஊர்ப்பேச்சும் சேர்கிறது. ஏழாம் மாசம் பிறந்தால் தங்கும், எட்டாம் மாசம் பிறந்தால் தங்காது என்பது அதில் ஒன்று. இது நம் ஊரில் மட்டும் உள்ள நம்பிக்கை அல்ல; பழைய கிரேக்க மருத்துவர்களும் எழுதிவைத்ததுதான். உண்மை நேர்மாறானது: வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு கூடுதல் வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. எட்டாம் மாதக் குழந்தையைப் பெற்றவரிடம் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால், நாம் ஒன்றும் சொல்லாமலே மிகப் பெரிய பொய்யை நம்ப விட்டதாக ஆகிறது. அதோடு, கேட்காமலே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பப்பாளி சாப்பிட்டது, குடம் தூக்கியது, பஸ்ஸில் போனது, கணவரோடு சண்டை போட்டது என்று தாய் தன்மேல் ஒரு குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டிருப்பார். ரத்தக் கொதிப்பு, கிருமித் தொற்று, முன்கூட்டியே பனிக்குடம் உடைவது, இரட்டைக் கரு என்று குறைமாதப் பிரசவத்துக்குக் காரணங்கள் உண்டு. காரணமே கண்டுபிடிக்க முடியாதவையும் ஏராளம். "நீங்க செஞ்ச எதாலயும் இது ஆகலம்மா" என்று டாக்டர் சொல்வதற்கும், சொந்தக்காரர் ஆறுதலுக்குச் சொல்வதற்கும் எடை வேறு.

என்ன சொல்வது என்பதில்தான் தொழில்நுட்பம் இருக்கிறது. வெறும் உண்மையைக் கொட்டிவிட்டு வருவதும் மறைப்பதைப்போலவே சுலபமான வேலை. எங்கள் துறையில் அதிகம் சொல்லப்படுகிற வாக்கியம், "72 மணி நேரம் போகட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்" என்பது. இது சொல்பவருக்கு வசதியானது. உள்ளடக்கம் பாதிதான் சரி. மூச்சுத்திணறல் முதல் மூன்று நாட்களில் ஒரு முடிவுக்கு வரலாம்; ஆனால் கிருமித் தொற்றும் குடல் நோயும் அதற்குப் பிறகுதான் பெரும்பாலும் தலைகாட்டும். 72 மணி நேரம் கழிந்தது, கண்டம் தாண்டிவிட்டது என்று குடும்பம் இனிப்பு வாங்கும் நேரத்தில் குழந்தை மறுபடி வென்டிலேட்டருக்குப் போனால், அதன் பிறகு டாக்டர் சொல்லும் எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டியது வேறு. பிரசவத்துக்கு டாக்டர் முதலில் குறித்த தேதி எதுவோ, ஏறத்தாழ அதையொட்டித்தான் வீட்டுக்குப் போவோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் எடை பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் குறையும்; இரண்டு வாரத்தில் திரும்பும். நன்றாக இருந்துகொண்டே திடீரென்று மூச்சை நிறுத்தும், மானிட்டர் கத்தும், நர்ஸ் வந்து தட்டுவார். நடப்பதற்கு முன் சொன்னால் இவை விளக்கம். நடந்த பிறகு சொன்னால் சமாதானம்.

சதவீதத்தில் சொல்வது பற்றி எனக்கு ஐயம் உண்டு. நூற்றில் எழுபது பிழைக்கும் என்பதும், நூற்றில் முப்பது இறக்கும் என்பதும் ஒரே கணக்கு. கேட்பவர் முடிவு ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், மிகக் குறைந்த வாரத்தில் பிறக்கப்போகும் குழந்தைக்கு உயிர் காக்கும் சிகிச்சை வேண்டுமா என்ற கற்பனைக் கேள்வியைப் பலரிடம் கேட்டார்கள். பிழைக்கும் எண்ணிக்கையாகச் சொல்லிக் கேட்டபோது சிகிச்சை வேண்டும் என்றவர்கள், இறக்கும் எண்ணிக்கையாகச் சொல்லிக் கேட்டபோது இருந்ததைவிட அதிகம். எண் சொல்வதென்றால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இப்படிப் பத்துக் குழந்தை இருந்தால் ஏழு வீட்டுக்குப் போகும், மூன்றை நம்மால் காப்பாற்ற முடியாமல் போகலாம், உங்கள் குழந்தை எந்தப் பக்கம் என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லத் தயங்குகிற டாக்டர்கள்தான் "கடவுள்கிட்ட வேண்டிக்கங்க" என்று முடிக்கிறார்கள். வேண்டுதல் பெற்றோருக்கே தெரியும். அதை டாக்டர் எழுதித் தர வேண்டியதில்லை.

படிக்காதவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்ற எதிர்வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புரியாமல் போவதற்குப் படிப்பைவிட அதிர்ச்சிதான் காரணம். பேராசிரியருக்கும் முதல் நாள் சொன்னது மறுநாள் நினைவிருக்காது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு ஒன்றில், பச்சிளங்குழந்தை மருத்துவர் தங்களோடு பேசியதை ஒலிநாடாவில் பதிந்து தாய்மார்களிடமே கொடுத்தார்கள். பத்து நாள் கழித்தும் நான்கு மாதம் கழித்தும் கேட்டபோது, நோய், சிகிச்சை, எதிர்காலம் பற்றிச் சொல்லப்பட்டதை ஒலிநாடா கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். அவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் இதனால் குறைந்துவிடவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது, கூடவும் இல்லை. இன்றைக்கு எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. பதிவு செய்யலாமா என்று ஒரு தாய் கேட்டால் முகம் சுளிக்கிறோம். சுளிக்க வேண்டியதில்லை. போன் வேண்டாமென்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்: இன்றைய எடை, எத்தனை மில்லி பால், மூச்சுக்கு என்ன உதவி, நாளைக்கு என்ன பார்ப்போம். நான்கு வரி, தமிழில்.

நேரம் இல்லை என்பது நியாயமான முறையீடு. ஒரு நர்ஸ் பல குழந்தைகளைப் பார்க்கும் பிரிவுகளில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவது ஆடம்பரமாகத் தெரியும். ஆனால் இப்போது செலவாகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே கேள்வியைக் காலையில் தந்தை, பத்து மணிக்குச் சித்தப்பா, மதியம் வார்டு கவுன்சிலரின் ஆள், சாயங்காலம் மாமனார் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள்; தனித்தனியாகப் பதில் சொல்கிறோம், ஒவ்வொரு ஷிப்டிலும் கொஞ்சம் வேறு மாதிரி. தினமும் ஒரே நேரத்தில் தாய் தந்தை இருவரோடு பேச்சு, மற்றவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று வைத்தால் மிச்சமாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. தாயை உள்ளே விட்டால் கிருமி வரும் என்ற அச்சத்துக்கும் பதில் இருக்கிறது. மேலே சொன்ன 2021 ஆய்வில் ரத்தத்தில் கிருமி பரவியதாகச் சந்தேகிக்கப்பட்டது தாயோடு இருந்த குழந்தைகளிடம்தான் குறைவு: 22.9 சதவீதம், மறு பக்கம் 27.8. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனை பெற்றோருக்குக் கை கழுவவும், பால் புகட்டவும், சுத்தம் செய்யவும் பயிற்சி கொடுத்து உள்ளே அனுமதித்துப் பார்த்தது. தொற்று கூடவில்லை, தாய்ப்பால் மட்டும் குடித்து வீட்டுக்குப் போன குழந்தைகள் கூடினார்கள். 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கு வழிகாட்டு நெறிகளே வெளியிட்டுவிட்டது. நெறி கோப்பில் இருக்கிறது. "பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை" என்ற பலகை கதவில் இருக்கிறது. தாய் பார்வையாளர் என்று யார் முடிவு செய்தார்கள்?

சொன்னால் வம்பு, வழக்கு வரும் என்று நினைப்பவர்கள் 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை வாசிக்க வேண்டும். 1996இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில் 1,250 கிராம் எடையோடு பிறந்த பெண் குழந்தை சம்பந்தப்பட்ட வழக்கு அது. சுமார் 25 நாள் இன்குபேட்டரில் வைத்து உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் நோய் வரலாம், அதற்குக் கண் பரிசோதனை வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை, பரிசோதிக்கவும் இல்லை. தெரியவந்தபோது பார்வை போய்விட்டிருந்தது. சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். மிகக் கடினமான பகுதியான உயிர் காப்பதைச் செய்து முடித்தவர்கள், ஒரு வாக்கியம் சொல்லாததால் தோற்ற வழக்கு என்று அதை நான் வாசிக்கிறேன். 34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் கீழ் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் 30 நாளுக்குள் கண் பார்க்க வேண்டும் என்பது இந்திய நெறிமுறை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பே. நோய் முற்றுகிற கட்டத்தில் லேசர் செய்ய இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். வீட்டுக்குப் போன பிறகு அந்தத் தேதியை நினைவு வைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப்போகிறவர் தாய். தந்தையிடம் மட்டும் சொல்லி அனுப்பிய தேதி, அவர் வேலைக்குத் திரும்பியதும் காற்றோடு போகும்.

கையெழுத்து விஷயத்திலும் இதே பழக்கம்தான். ஊசி போட, ரத்தம் ஏற்ற, அறுவைச் சிகிச்சை செய்ய என்று எல்லாவற்றுக்கும் தந்தையைத் தேடி ஓடுகிறோம். அவர் மருந்துக்கடையில் இருந்தால் காத்திருக்கிறோம். நான்கு சுவருக்கு அப்பால் தாய் இருக்கிறார். தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் இயற்கைக் காப்பாளராக முடியும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1999இல். இதனால் தந்தையை ஒதுக்க வேண்டும் என்று பொருளல்ல. செய்தியை ஒற்றை ஆளாகச் சுமந்து, யாரிடம் எவ்வளவு சொல்வது என்று வடிகட்டி, மனைவியிடம் சிரித்த முகம் காட்டி, படிக்கட்டில் நின்று அழுகிற தந்தைகளுக்கும் இந்த ஏற்பாடு விடுதலைதான். இருவரையும் சேர்த்து உட்காரவைத்தால் பாரம் பாதியாகிறது.

விதிவிலக்குகள் இருக்கின்றன. வலிப்பு வந்து தானே ஐ.சி.யு.வில் கிடக்கும் தாயிடம் உடனே எதையும் சொல்ல முடியாது. நினைவு திரும்பத் திரும்பக் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் சொல்ல முடியும். 108இல் குழந்தை மட்டும் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வந்து, தாய் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதும் அன்றாடம் நடப்பது. அங்கே வீடியோ அழைப்பு உதவும். தாயை எவ்வளவு சீக்கிரம் குழந்தை இருக்கும் இடத்துக்கு மாற்றுகிறோம் என்பது அதைவிட உதவும். எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்பாத தாய்மார்களும் உண்டு. "எவ்வளவு சொல்லட்டும்மா?" என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள். அந்த முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும், பெரியப்பாவுடையதாக அல்ல. மிகக் கடினமானது குழந்தை இறந்துபோகும்போது. தாய் பார்க்கக் கூடாது, மனசு தாங்காது என்று துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டுப் பிறகு சொல்வது நம்மிடையே பரவலான வழக்கம். பார்ப்பது நல்லதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. இறந்து பிறந்த குழந்தைகளைக் கையில் ஏந்திய தாய்மார்களிடம் மனச்சோர்வு அதிகம் தென்பட்டதாக 2002இல் லான்செட்டில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. பின்னால் வந்த வேறு சில ஆய்வுகள் அதற்கு மாறாகச் சொல்கின்றன. ஆகவே பார்த்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவதற்கும் ஆதாரம் இல்லை, பார்க்கவே கூடாது என்று தடுப்பதற்கும் ஆதாரம் இல்லை. கேட்க வேண்டும், கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மயானத்துக்குப் போக வண்டி நிற்கிறது என்பது அவசரப்படுத்தப் போதுமான காரணம் ஆகாது.

இதை வாசிக்கிறவர்கள் பலருடைய வீட்டில் ஒரு நாள் குறைமாதப் பிரசவம் நடக்கக்கூடும். அன்றைக்குப் பொறுப்பேற்று ஓடுகிற அண்ணனோ மாமாவோ நீங்களாக இருந்தால், குழந்தை பிழைக்குமா என்று கேட்டதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். "அம்மாவை எப்ப உள்ள கூட்டிட்டு வரலாம் சார், அவங்ககிட்ட எத்தனை மணிக்குப் பேசுவீங்க?" என்றும் கேளுங்கள். வீல்சேரைத் தேடிப் பிடித்து அவரைத் தள்ளிக்கொண்டு போங்கள். டிஸ்சார்ஜ் அன்று கண் பரிசோதனைத் தேதி அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்கித் தாயின் கையில் கொடுக்காமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பாதீர்கள்.